தவிடு தின்னும் குஞ்சுக்கு ஈஸ்ட்: புதிதாகக் கோழி வளர்க்கும் பிள்ளைகளுக்கு

குத்துக்கல்வலசையிலும் பக்கத்து ஊர்களிலும் நூறு குஞ்சு, இருநூறு குஞ்சு இறக்கி வளர்க்கத் தொடங்கியிருக்கும் பிள்ளைகள் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணாச்சி, தீவனத்தில் ஈஸ்ட் போட்டால் தவிட்டைக் கூட்டிக்கலாமாமே, உண்மைதானா?" கம்பெனித் தீவனம் விற்கும் விலையில் இந்தக் கேள்வி வருவது நியாயம். நம்மைச் சுற்றி அரிசி ஆலைகள் இருக்கின்றன, எண்ணெய் ஆலைகள் இருக்கின்றன. தவிடும் புண்ணாக்கும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும்போது மக்காச்சோளத்துக்கும் சோயாவுக்கும் ஏன் கொட்டிக் கொடுக்க வேண்டும் என்று தோன்றத்தான் செய்யும். கேள்வி ஒரு வரிதான், பதில் அவ்வளவு சுருக்கமாக வராது. அதனால் எழுதியே தருகிறேன். பொறுமையாகப் படியுங்கள். படித்துவிட்டு உங்கள் கொட்டகையில் நீங்களே சோதித்துப் பாருங்கள்.

1. முதலில் குஞ்சின் வயிற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பொரித்த குஞ்சு முதல் மூன்று நான்கு நாள் வயிற்றுக்குள் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவையும் சேர்த்துத்தான் பிழைக்கிறது. தானியத்தைச் செரிக்கும் சுரப்புகள் அதற்குப் பிறகுதான் மெதுவாகக் கூடுகின்றன. குடலின் உள்பக்கம் பூந்துவாலை போல நுண்ணிய இழைகள் நிறைந்தது. குடலுறிஞ்சிகள் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அவை வேகமாக வளர்வது முதல் பத்து நாளில். அந்த நாட்களில் வயிற்றை நாராலும் உமியாலும் நிரப்பினால் குஞ்சு வயிறு நிறைந்தும் பட்டினி கிடக்கும். அதன் இரைப்பை கொள்ளும் அளவே சிறியது. அதில் பாதி இடத்தைச் செரிக்காத பொருள் பிடித்துக்கொண்டால் மிச்ச இடத்தில் எத்தனை சத்துதான் போகும்? ஆடு மாட்டுக்கு நாரைப் புளிக்கவைத்துச் செரிக்கப் பெரிய வயிறு இருக்கிறது. கோழிக்கு அது கிடையாது. குடலின் கடைசியில் சீக்கம் என்று இரண்டு பைகள் உண்டு. அங்கே நுண்ணுயிர்கள் கொஞ்சம் நாரைப் புளிக்கவைக்கும். குஞ்சுக்கு அந்த நுண்ணுயிர்க் கூட்டமே நிலைபெற்றிருக்காது. அது நிலைக்க வாரக்கணக்கில் ஆகும். ஆகவே வளர்ந்த கோழி தவிட்டைத் தின்று நன்றாக இருக்கிறதே என்று அதையே குஞ்சுக்கு வைக்காதீர்கள்.

2. கணக்குப் போடாமல் மூட்டை வாங்காதீர்கள். குஞ்சுத் தீவனத்தில் நார் 7 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணய அமைப்பு வைத்திருக்கும் வரம்பு. மக்காச்சோளத்தில் நார் ஏறக்குறைய 2.5, சோயா புண்ணாக்கில் 6, கடலைப் புண்ணாக்கில் 8, நல்ல அரிசித் தவிட்டில் 13, தோலோடு ஆட்டிய சூரியகாந்திப் புண்ணாக்கில் 28 சதவிகிதம் வரை இருக்கும். இவை சராசரி, ஆலைக்கு ஆலை மாறும்.

இப்போது 100 கிலோவுக்கு மக்காச்சோளம் 45, அரிசிக் குருணை 10, சோயா 22, கடலைப் புண்ணாக்கு 5, தவிடு 10, மீன்தூள் 5, தாது உப்பு முதலியவை 3 என்று கலந்தால் நார் 4.2 கிலோ வருகிறது. மூன்று வாரம் தாண்டிய குஞ்சுக்கு இது ஏற்றது. மக்காச்சோளத்தில் 20 கிலோவைக் குறைத்து அந்த இடத்தில் தவிடு போட்டால் நார் 6.3 ஆகிறது. இது வரம்பின் ஓரம். அதோடு நிற்காமல் சோயாவில் பாதியை எடுத்துவிட்டுத் தோலோடு கூடிய சூரியகாந்திப் புண்ணாக்கைப் போட்டால் 8.8. வாங்கிய தவிட்டில் உமித்தூள் கலந்து நார் 20 ஆக இருந்துவிட்டால் அதே கலவை 10.9-க்குப் போய்விடும். மூட்டையின் வெளித்தோற்றத்தில் ஒரு வித்தியாசமும் தெரியாது. குஞ்சு மட்டும் வளராது.

ஆய்க்குடி, சுந்தரபாண்டியபுரம் பக்கம் சூரியகாந்தி பூத்திருப்பதைப் பார்க்க ஊர் ஊராக ஆள் வருகிறது. அந்த விதையின் புண்ணாக்கு நல்ல புரதம்தான், மறுக்கவில்லை. தோல் நீக்கி ஆட்டியதா, தோலோடு ஆட்டியதா என்று கேட்டு வாங்குங்கள். தோலோடு ஆட்டியதென்றால் எட்டு வாரம் கழிந்த கோழிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

3. தவிட்டைக் கையால் பாருங்கள். நல்ல தவிட்டை ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்தால் உருண்டை நிற்கும், கையில் லேசாக எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும். உமித்தூள் கலந்தது பொலபொலவென்று உதிரும். இரண்டு விரல் நடுவே வைத்துத் தேய்த்தால் நறநறக்கும். ஒரு சொம்புத் தண்ணீரில் ஒரு கைப்பிடி போட்டுக் கலக்கிக் கொஞ்ச நேரம் விடுங்கள். உமிச் சிம்புகள் மேலே மிதக்கும், மணல் இருந்தால் அடியில் நிற்கும். முறத்தில் இட்டுப் புடைக்கத் தெரிந்த பெண்கள் வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது, அவர்கள் கண்ணுக்குத் தப்பாது. உமியில் நார் மட்டும் இல்லை, மணலின் வர்க்கமான சிலிக்காவும் நிறைய உண்டு. பிஞ்சுக் குடலுக்கு அது ஆகவே ஆகாது.

அடுத்தது மூக்கு. பச்சரிசித் தவிடு ஆலையை விட்டு வெளியே வந்த நாளிலிருந்தே கெடத் தொடங்கும். அதிலுள்ள ஒரு நொதி எண்ணெயைப் பிரித்துச் சில நாட்களிலேயே சிக்கு வாடையைக் கொண்டுவந்துவிடும். நெல்லை அவிக்கும்போது அந்த நொதி அழிந்துபோவதால் புழுங்கல் தவிடு கூடுதல் நாள் தாங்கும், எண்ணெய்ச் சத்தும் அதில் அதிகம். வாய்ப்பு இருந்தால் புழுங்கல் தவிட்டையே கேளுங்கள். சிக்கு வாடை வந்த தவிட்டைக் குஞ்சுக்கு எந்த மருந்தோடும் சேர்த்து வைக்காதீர்கள்.

4. ஈஸ்ட் என்ன செய்யும், என்ன செய்யாது என்று இரண்டையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டும் கோழிக்குப் போடும் ஈஸ்ட்டும் பெரும்பாலும் ஒரே இனம்தான், சாக்கரோமைசஸ் செரிவிசியே. அது ஒரு பூஞ்சை. நாரை, அதாவது செல்லுலோசை, உடைக்கும் நொதி அதனிடம் இல்லை. 'ஈஸ்ட் போட்டால் உமியும் செரிக்கும்' என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் நம்பாதீர்கள்.

அப்படியானால் ஏன் போடுகிறோம்? ஈஸ்ட்டின் உடம்பிலேயே நல்ல புரதமும், பி12 தவிர மற்ற பி வைட்டமின்களும் உண்டு. நம் தானியங்களில் குறைவாக இருக்கும் லைசின் என்ற புரதக் கூறு அதில் நிறைய இருக்கிறது. அதன் தோல், அதாவது செல் சுவர், மன்னான், குளுக்கான் என்ற இரண்டு சர்க்கரைச் சங்கிலிகளால் ஆனது. ஈ. கோலை, சால்மோனெல்லா கிருமிகளில் பலவற்றுக்குக் குடல் சுவரில் ஒட்டிக்கொள்ளக் கொக்கிகள் உண்டு. அந்தக் கொக்கிகள் தேடுவது மன்னோஸ் என்ற சர்க்கரையை. ஈஸ்ட்டின் தோலில் அதே சர்க்கரை இருப்பதால் கிருமி அதில் மாட்டிக்கொண்டு எச்சத்தோடு வெளியேறுகிறது. குளுக்கான் குஞ்சின் எதிர்ப்பு அணுக்களைத் தட்டி எழுப்புகிறது. இப்படிக் குடல் சுத்தமாக இருந்தால் குடலுறிஞ்சிகள் நீளமாக வளரும், உள்ளே போகும் கொஞ்சச் சத்தையும் வீணாக்காமல் உறிஞ்சும். நார் கூடிய தீவனத்தில் சத்தே குறைவு. குறைவாக இருப்பதை முழுதாக உறிஞ்ச வைப்பதுதான் ஈஸ்ட் செய்யும் உதவி.

நம்மைப் போலவே விலை மலிந்த ஆலைக் கழிவுகளை நம்பிக் கோழி வளர்க்கும் நாடு நைஜீரியா. அங்கே ஒனிஃபாடே, பாபாதுண்டே என்ற இரண்டு ஆய்வாளர்கள் நார் மிகுந்த தீவனம் தின்னும் பிராய்லர் குஞ்சுகளுக்கு உலர்ந்த ஈஸ்ட் எவ்வளவு பயன்படும் என்று ஆராய்ந்து 1996-ல் எழுதினார்கள். அதற்குப் பிறகு உலகம் முழுக்க எத்தனையோ சோதனைகள். சிலவற்றில் எடை கூடியது, சிலவற்றில் வித்தியாசமே இல்லை. சுத்தமான கொட்டகையில் நல்ல தீவனம் தின்னும் குஞ்சுகளுக்கு ஈஸ்ட் பெரிதாக ஒன்றும் சேர்ப்பதில்லை. தீவனத்திலோ சூழலிலோ குறை இருக்கும் இடத்தில்தான் அதன் உதவி தெரிகிறது.

5. தவிட்டை வெறுக்கவும் வேண்டாம். தவிட்டுக்கும் ஈஸ்ட்டுக்கும் கோழிக்கும் உள்ள உறவு பழையது, அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1890-களில் ஜாவாவின் படாவியாவில் ஐக்மான் என்ற டச்சு மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆய்வுக்கூடத்துக் கோழிகள் திடீரெனக் கால் மடங்கி, கழுத்து பின்னால் வளைந்து விழத் தொடங்கின. விசாரித்ததில் அவற்றுக்கு மருத்துவமனைச் சமையலறையிலிருந்து தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு போயிருந்தது. புதிதாக வந்த சமையல்காரர் ஆஸ்பத்திரி அரிசியைக் கோழிக்குத் தர மாட்டேன் என்று நிறுத்திவிட, தீட்டாத அரிசிக்கு மாறிய கோழிகள் எழுந்து நடந்தன. தவிட்டில் ஏதோ இருக்கிறது என்ற தடம் அங்கேதான் கிடைத்தது. 1929-ல் ஐக்மானுக்கு நோபல் பரிசில் பங்கு கொடுத்தார்கள். அந்தப் பரிசுக்கு முன்பே காசிமிர் ஃபங்க் என்ற விஞ்ஞானி அந்தப் பொருளைத் தேடி அலைந்தது தவிட்டிலும் ஈஸ்ட்டிலும்தான்.

இது நம் மாநிலத்துக் கதையும்கூட. குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் 1918-ல் ஒற்றை அறையில் பெரிபெரி ஆராய்ச்சி தொடங்கியது. ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் அங்கே புறாக்களுக்குத் தீட்டிய அரிசியைக் கொடுத்து என்ன ஆகிறது என்று பார்த்தார். அந்த ஒற்றை அறைதான் வளர்ந்து 1958-ல் ஐதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. வெறும் வெள்ளைக் குருணையை மட்டும் தின்று வளரும் குஞ்சு கால் மடங்கி வானத்தைப் பார்த்தபடி கழுத்தை வளைத்தால் இந்தக் கதை உங்கள் நினைவுக்கு வர வேண்டும். கழுத்து திருகுவது வெள்ளைக் கழிச்சலிலும் உண்டு, ஆகவே டாக்டரிடம் காட்டாமல் முடிவு செய்யாதீர்கள்.

6. கடையில் ஈஸ்ட் என்ற பெயரில் மூன்று நான்கு சரக்கு இருக்கும். உயிருள்ள ஈஸ்ட் ஒன்று. குருணை குருணையாக, லேசான பழுப்பாக இருக்கும். உயிரற்ற உலர் ஈஸ்ட் இன்னொன்று. பெரும்பாலும் பீர் ஆலையில் மிஞ்சியது, புரதம் 40 சதவிகிதத்துக்கு மேல். தோலை மட்டும் பிரித்தெடுத்த செல் சுவர்ப் பொடி வேறு. ஈஸ்ட் வளர்ந்த ஊடகத்தோடு சேர்த்து உலர்த்தியது வேறு. நான்கும் நான்கு வேலை, நான்கு விலை. உயிருள்ளது என்று எழுதியிருந்தால் ஒரு கிராமில் எத்தனை உயிரணு என்று சீட்டில் இருக்க வேண்டும், தயாரித்த தேதியும் காலாவதித் தேதியும் இருக்க வேண்டும். பிரித்துக் கட்டி விற்கும் பொட்டலத்தை வாங்காதீர்கள்.

உயிர் இருக்கிறதா என்று பார்க்க வழி எளிது. கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீர் அரை டம்ளர், அதில் ஒரு ஸ்பூன் சர்க்கரை, ஒரு ஸ்பூன் ஈஸ்ட். கால் மணி நேரத்தில் நுரை பொங்கி மேலே வர வேண்டும். வராவிட்டால் நீங்கள் வாங்கியது செத்த ஈஸ்ட். அதற்கும் பயன் உண்டு, உயிருள்ளதன் விலை மட்டும் கொடுக்காதீர்கள்.

7. அளவு. உயிருள்ள ஈஸ்ட் பொதுவாக ஒரு டன் தீவனத்துக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ. நம் 100 கிலோ கலவைக்கு 50 முதல் 100 கிராம். உலர் பீர் ஈஸ்ட்டைப் புரதமாகக் கணக்கிட்டு 100 கிலோவுக்கு 1 முதல் 3 கிலோ வரை சேர்க்கலாம். அப்போது அந்த அளவு புண்ணாக்கைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஈஸ்ட்டில் மெத்தியோனின் என்ற இன்னொரு புரதக் கூறு குறைவு என்பதால் மீன்தூளைக் கைவிடாதீர்கள். ஒவ்வொரு தயாரிப்புக்கும் சீட்டில் எழுதியிருக்கும் அளவுதான் கடைசிப் பேச்சு. இரண்டு மடங்கு போட்டால் இரண்டு மடங்கு வளரும் என்ற எண்ணம் வேண்டாம்.

8. கலப்பதில் அவசரம் கூடாது. 100 கிராமை 100 கிலோவில் நேரே தூவினால் ஒரு மூலையில் கிடக்கும் குஞ்சுக்குக் குவியலாகவும் மற்றதுக்கு ஒன்றுமில்லாமலும் போகும். முதலில் ஒரு கிலோ குருணை மாவில் கையால் பிசறுங்கள். அதைப் பத்துக் கிலோவில், அதைப் பிறகு முழுக் குவியலில். மண்வெட்டியால் குவியலை மூன்று தடவை இடம் மாற்றிப் புரட்டினால் பரவிவிடும்.

9. சாரல் காலத்தைத் தனியாக நினைத்துத் திட்டமிடுங்கள். இந்த ஊரில் கோழி வளர்ப்பவருக்கு இதைவிட முக்கியமான பேச்சு இல்லை. ஜூன் பிறந்து குற்றாலத்தில் தண்ணீர் விழத் தொடங்கினால் ஆகஸ்ட் வரை காற்றிலேயே ஈரம். ஊரே சாரலை அனுபவிக்கும் மாதங்களில் தீவன அறைக்குள் பூஞ்சை வளர்கிறது. மக்காச்சோளத்திலும் கடலைப் புண்ணாக்கிலும் வளரும் அந்தப் பச்சைப் பூஞ்சை உண்டாக்கும் நஞ்சுக்கு ஆஃப்ளடாக்சின் என்று பெயர். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப் போனதில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் இந்த நஞ்சு இருந்தது. அதிலிருந்துதான் உலகம் இதை அறிந்தது. வறுத்தாலும் அவித்தாலும் இது போகாது. கோழித் தீவனத்தில் நூறு கோடியில் 20 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது வரம்பு. அவ்வளவு சிறிய அளவைக் கண்ணால் பார்க்க முடியாது.

ஈஸ்ட்டின் தோல் சில பூஞ்சை நஞ்சுகளைப் பிடித்துக்கொள்ளும் என்பது உண்மை. ஆஃப்ளடாக்சினைப் பிடிப்பதில் பென்டோனைட் போன்ற களிமண் வகைகளுக்குத்தான் வலு அதிகம். இரண்டையும் நம்பிப் பூசணம் பிடித்த மூட்டையைப் பிரிக்காதீர்கள். மூட்டைகளைத் தரையில் வைக்காமல் மரச்சட்டத்தின் மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். சாரல் மாதங்களில் பத்து நாளுக்குத் தேவையானதை மட்டும் கலந்து வையுங்கள். மக்காச்சோளத்தைப் பல்லால் கடித்தால் 'டக்'கென்று உடைய வேண்டும், அழுந்தினால் வாங்காதீர்கள். தவிட்டு மூட்டைக்குள் கையை முழங்கை வரை விட்டுப் பாருங்கள். உள்ளே கதகதப்பாக இருந்தால் அது உள்ளுக்குள் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஈஸ்ட் பொட்டலத்தைப் பிரித்தால் காற்றுப் புகாத டப்பாவில் மாற்றுங்கள். தகரக் கூரைக்கு அடியில் பங்குனி வெயிலில் வைத்தாலும் அது சாகும், சாரலில் ஈரம் குடித்தாலும் சாகும்.

10. எதோடு எதைச் சேர்க்கக் கூடாது என்று பாருங்கள். ஆன்டிபயாட்டிக் மருந்துகள் பாக்டீரியாவைக் கொல்பவை. ஈஸ்ட் பூஞ்சை என்பதால் தப்பிவிடும். பூஞ்சைக்காகத் தீவனத்திலோ தண்ணீரிலோ போடும் மயில்துத்தம் ஈஸ்ட்டையும் அடக்கும். உயிருள்ள ஈஸ்ட்டைத் தண்ணீரில் கலந்து கொடுப்பவர்கள் அன்று குளோரின் போட்ட தண்ணீரை வைக்காதீர்கள். கொதிநீரில் கலக்கவே கூடாது. குருணைத் தீவனமாக ஆலையில் அழுத்தித் தருபவர்களிடம் ஈஸ்ட்டைக் கொடுத்தால் அந்தச் சூட்டிலேயே பெரும்பகுதி செத்துவிடும், அழுத்திய பிறகு மேலே தூவச் சொல்லுங்கள்.

11. இட்லி மாவு, பழைய சோற்றுத் தண்ணீர், கள் மண்டி என்று வீட்டு வைத்தியம் சொல்பவர்கள் உண்டு. இட்லி மாவைப் புளிக்கவைப்பது பெரும்பாலும் லூக்கோனோஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள். ஈஸ்ட்டுக்கு அதில் பங்கு சொற்பம். அது கெடுதல் என்று சொல்லவில்லை. ஈஸ்ட் போட்ட கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள் என்கிறேன். கள்ளில் உண்மையிலேயே ஈஸ்ட் உண்டு. அது நம் மாநிலத்தில் தடை செய்யப்பட்ட பொருள், அந்தப் பக்கமே போக வேண்டாம். ஈரத் தீவனம் எதுவானாலும் ஒரு மணி நேரத்தில் தின்று தீரும் அளவு மட்டும் வையுங்கள், மிச்சத்தை அள்ளிவிடுங்கள்.

புரதத்துக்கு நம் பக்கத்தில் வேறொரு பழைய வழி இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். உடைந்த மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், வைக்கோல் திணித்துத் தண்ணீர் தெளித்து, கரையான் இருக்கும் நிலத்தில் சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். விடிந்ததும் தூக்கிக் குஞ்சுகள் நடுவே தட்டினால் அவை ஓடி வருவதைப் பார்க்க வேண்டும். நார் கூடிய தீவனம் தின்னும் குஞ்சுக்கு அந்த ஒரு கை கரையான் செய்யும் நன்மை பெரிது.

12. நோய்க்கு ஈஸ்ட் மருந்தாகாது. வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பூசிதான் வழி. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, பிறகு டாக்டர் சொல்லும் அட்டவணை. இரத்தக் கழிச்சலுக்கு உலர்ந்த கூளமும் தகுந்த மருந்தும். முதல் வாரம் புரூடர் அடியில் 35 டிகிரி சூடு, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைப்பது. சாரல் அடிக்கும் இரவில் சூடு குறைந்து குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சு முட்டிச் சாவதை எந்தப் பொடியும் தடுக்காது.

ஆனால் ஒன்றை மகிழ்ச்சியோடு சொல்கிறேன். வளர்ச்சிக்கென்று ஆன்டிபயாட்டிக் கலக்கும் பழக்கத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி முதல் நிறுத்தியது. நம் அரசு 2019-ல் கோலிஸ்டினைக் கால்நடைகளுக்குத் தடை செய்தது. மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் மருந்து அது. அந்த இடத்தை நிரப்ப வந்த பொருட்களில் ஈஸ்ட்டும் ஒன்று. நீங்கள் வளர்க்கும் கோழியை யாரோ ஒரு வீட்டில் பிள்ளைகள் சாப்பிடப்போகிறார்கள். மருந்து எச்சம் இல்லாத கறியைக் கொடுக்க முடியும் என்பதற்காகவே இதைக் கற்றுக்கொள்வது தகும்.

13. நார் கொஞ்சம் வேண்டும். கரடுமுரடான நார் இரண்டு மூன்று சதவிகிதம் இருந்தால் அரைவைப்பை வலுவாக வளர்கிறது என்று ஐரோப்பிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பல்லில்லாத பறவைக்கு அதுதான் அம்மி. மாவாகவே தின்று வளர்ந்த கோழியின் அரைவைப்பையை அறுத்துப் பார்த்தால் தொளதொளவென்று பை மாதிரி இருக்கும். மேய்ந்து வளர்ந்த நாட்டுக் கோழியினுடையது கட்டியாக, சதை திரண்டு, உள்ளே சிறு கற்களோடு இருக்கும். ஆகவே தீவனத்தை அறவே நாரில்லாமல் செய்வது நோக்கமாக இருக்கக் கூடாது. மூன்றாம் வாரம் வரை தவிடு 5 முதல் 8 சதவிகிதம், எட்டாம் வாரம் வரை 10 முதல் 15, அதற்குமேல் கோழியைப் பார்த்துக் கூட்டுங்கள். பொடிக் கல்லும் பொடியாக நறுக்கிய முருங்கைக் கீரையும் இரண்டாம் வாரத்திலிருந்து தாராளமாக.

14. எச்சத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். காலையில் கூளத்தின் மேல் குனிந்து பாருங்கள். வெள்ளைத் தொப்பி வைத்த, உருண்டு நிற்கும் எச்சம் நலம். இடையிடையே கடுகுச் சாந்து போலப் பழுப்பாக, பசையாக, நாற்றத்தோடு ஒன்று கிடக்கும். அது சீக்கத்திலிருந்து வருவது, இயல்பானது. புதியவர்கள் அதைப் பார்த்துக் கழிச்சல் என்று பயந்து மருந்துக் கடைக்கு ஓடுகிறார்கள். எச்சத்தில் தவிட்டுத் தூளும் உமிச் சிம்பும் அப்படியே தெரிந்தால் நார் மிஞ்சிவிட்டது. குஞ்சின் பின்பக்கம் எச்சம் காய்ந்து அடைத்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துத் துடைத்துவிட்டு, சூட்டையும் தீவனத்தையும் இரண்டையும் பாருங்கள். தண்ணியாகப் பீச்சினாலோ ரத்தம் தெரிந்தாலோ அன்றைக்கே டாக்டர்.

15. ஏஜென்ட் சொல்வதையும் நம்ப வேண்டாம், நான் சொல்வதையும் அப்படியே நம்ப வேண்டாம். அடுத்த தடவை நூறு குஞ்சு இறக்கும்போது ஒன்று விட்டு ஒன்றாக எடுத்து ஐம்பது ஐம்பதாகப் பிரியுங்கள். ஒரே கொட்டகை, நடுவே தடுப்பு, ஒரே தவிட்டுத் தீவனம், ஒரே சூடு, ஒரே தடுப்பூசி. ஒரு பக்கம் மட்டும் ஈஸ்ட். வாரம் ஒரு நாள், தீவனம் வைக்கும் முன்பு, இரு பக்கமும் இருபது இருபது குஞ்சைப் பிடித்து எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். வைத்த தீவனம், மிஞ்சிய தீவனம் இரண்டையும் எழுதுங்கள். எட்டு வாரத்தில் ஒரு கிலோ எடை ஏற எத்தனை கிலோ தீவனம் போனது என்று இரண்டு பக்கமும் வகுத்துப் பாருங்கள். செத்த குஞ்சின் கணக்கையும் விடாதீர்கள். தீவனத்தில் மிச்சமானது ஈஸ்ட்டுக்குக் கொடுத்த பணத்தைவிட அதிகமா என்பது அப்போது உங்களுக்கே தெரியும். சாரலில் ஒரு தடவை, வெயிலில் ஒரு தடவை செய்தால் இன்னும் உறுதி. சிலருக்குத் தவிட்டைப் பத்துக் கிலோ குறைப்பதே ஈஸ்ட்டைவிட மலிவான வழியாக இருக்கும். அப்படி வந்தால் தயங்காமல் அதைச் செய்யுங்கள்.

16. சந்தேகம் வந்தால் நமக்கு இடம் இருக்கிறது. திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி 2012-லிருந்து நடக்கிறது. தீவனத்தின் நாரையும் புரதத்தையும் பூஞ்சை நஞ்சையும் சோதிக்க, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தனி ஆய்வகமே உண்டு. தீவனம் அனுப்புவதென்றால் ஒரே மூட்டையின் மேல்வாயிலிருந்து அள்ளாதீர்கள். ஐந்தாறு மூட்டைகளில் மேல், நடு, அடி என்று கை கையாக எடுத்து ஒன்றாகக் கலந்து, அதிலிருந்து அரைக் கிலோவைச் சுத்தமான கவரில் காற்றுப் புகாமல் கட்டி, தேதியும் கலவை விவரமும் எழுதி அனுப்புங்கள். குஞ்சு செத்திருந்தால் செத்துச் சில மணி நேரத்துக்குள் இரட்டைப் பாலிதீன் பையில் போட்டு, சுற்றிலும் ஐஸ் வைத்துக் கொண்டுபோங்கள். ஃப்ரீசரில் உறைய வைத்தால் உள்ளே பார்க்க ஒன்றும் மிஞ்சாது. கூடவே அந்தக் குஞ்சு தின்ற தீவனத்தில் ஒரு பிடியும், வீட்டில் நீங்கள் எழுதிவைத்த எடை நோட்டும் இருக்கட்டும்.